பதின்மூன்று ஓட்டைச் சாக்கெட்

டௌவெ ஹெய்லிங்கா எந்த வேலையைத் தொடுவதற்கு முன்பும் அதைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றிவிடுவார். ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தின் நீர் வாரியத்தில் உதவித் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு மதகைத் திறக்க மூன்று கூட்டம் போட்ட பழக்கம். ஓய்வு பெற்ற பிறகு கூட்டம் கிடைக்கவில்லை. மனைவி ஹிஸ்கெதான் கிடைத்தாள்.

அந்த வருடத்துச் சொற்பொழிவு ஹிஸ்கெயின் தங்கை வீட்டுப் பிறந்தநாளில் அரங்கேறியது. வழக்கம்போல நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். வந்தவர்கள் பிறந்தநாள்காரிக்கு மட்டுமா வாழ்த்துச் சொன்னார்கள்? அவள் புருஷன் ரைண்டருக்கு, அக்காவுக்கு, அக்கா புருஷனுக்கு, எதிர்வீட்டுக்காரிக்கு என்று வட்டம் முழுக்கக் கை குலுக்கி முடிப்பதற்குள் காபி ஆறிவிட்டது. ஆளுக்கு ஒரு துண்டு கேக். இரண்டாவது துண்டு கேட்கும் துணிச்சல் உள்ளவர் அந்தக் குடும்பத்தில் இன்னும் பிறக்கவில்லை.

ஹிஸ்கெ கோப்பையை ஒரே கையால் பிடித்திருந்தாள். போன வருடம் இதே நாற்காலியில் இரண்டு கையாலும் பிடித்தும் பாதியை மடியில் கொட்டிக்கொண்டவள். வட்டத்தில் எல்லோரும் அந்த ஒரு கையைப் பார்த்தார்கள்.

அவளுக்கு நரம்பு வியாதி. கைகால் நுனியில் தொடங்கி உள்நோக்கி ஒவ்வொரு நரம்பாக அணைந்துகொண்டு வருவது. பாதம் இரண்டும் மரத்துப்போய் மூன்று வருடம். தரை குளிர்கிறதா, செருப்பில் கல் இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். போன இலையுதிர்காலத்தில் பெரிய மருத்துவமனையில் புது மருந்து ஒன்றைச் சோதித்துப் பார்க்க ஆள் தேடியபோது அவளையும் சேர்த்துக்கொண்டார்கள். வாரத்துக்கு ஓர் ஊசி. கோடை முடியும்வரை வேண்டிய ஊசி மொத்தமும் ஒரே பெட்டியில், அவள் எண் போட்டு, வீட்டுக்கே வந்தது. அந்தப் பெட்டி எப்போதும் ஃப்ரிட்ஜ் குளிரில் இருக்க வேண்டும். உள்ளே பட்டன் அளவில் ஒரு கருவி பச்சையாகக் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். சூடு பட்டால் சிவப்பாகிவிடும். சிவப்பானால் சிவப்புதான், மறுபடி பச்சைக்குத் திரும்பாது. மாற்றுப் பெட்டி கிடையாது; அடுத்தடுத்து இரண்டு ஊசி தவறினால் சோதனையிலிருந்து வெளியே. இதையெல்லாம் மெரெல் என்ற நர்ஸ் சிரித்த முகத்தோடு விளக்கியிருந்தாள்.

"மூணு வாரம் பிரான்ஸ்ல கடற்கரையா? அப்போ மருந்து?" என்று தங்கை கேட்டாள்.

"கேரவன் ஃப்ரிட்ஜ்ல," என்றார் டௌவெ. "ராத்திரி தங்குற முகாம்ல நிக்கிறப்போ அவங்க கரண்ட். ரோட்டுல ஓடுறப்போ நம்ம கார் கரண்ட். வயரை நானே இழுத்துவிடப்போறேன்."

"கடையில குடுத்துடேன் சகலை," என்றான் ரைண்டர். "காலையில விட்டா மத்தியானம் முடிச்சுத் தந்துடுவான்."

"கடைக்காரனா?" டௌவெ கோப்பையைக் கீழே வைத்தார். கோப்பையைக் கீழே வைத்தால் கூட்டம் தொடங்கிவிட்டது என்று பொருள். "கரண்டுன்னா என்ன ரைண்டர்? தண்ணி. மேட்டுலேருந்து பள்ளத்துக்குப் போகும், வழி காட்டினா போதும். இந்த மாகாணத்துல நான் காட்டின வழியிலதான் தண்ணி போச்சு. முப்பது வருஷம்!"

"ஒரு தடவை எங்க வீட்டு நிலவறைக்கும் வழி காட்டினே சகலை. ஊறுகாய் ஜாடியெல்லாம் மிதந்துச்சு."

"அது உன் நிலவறையோட குறை."

வட்டம் சிரித்தது. ஹிஸ்கெயும் சிரித்தாள். கடற்கரைக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டவளே அவள்தான். வேறு எதுவும் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை.

வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை, விவசாயி ஒருவரின் கொட்டகையில் குளிர்காலம் முழுக்கத் தூங்கிய கேரவனை, காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் அந்தச் சக்கர வீட்டை, வாசலுக்கு இழுத்துவந்து டௌவெ வேலையைத் தொடங்கினார். காரின் பின்பக்கம், இழுவைக் கொக்கிக்குப் பக்கத்தில் பதின்மூன்று ஓட்டைச் சாக்கெட் ஒன்று உண்டு. கேரவனின் விளக்குகளுக்கான ஓட்டைகளில் கரண்ட் ஏற்கெனவே வந்தது. ஃப்ரிட்ஜுக்கான ஓட்டைகளைக் கார் செய்தவர்கள் சும்மா விட்டிருந்தார்கள். வேண்டுமென்றால் நீயே முன்னாலிருக்கும் பேட்டரியிலிருந்து வயர் இழுத்துக்கொள் என்பது அதன் அர்த்தம். நாட்டில் பாதிப் பேர் இதைக் கடையில் செய்துகொள்கிறார்கள். மீதிப் பேர் டௌவெ.

அவர் ஷெட்டிலிருந்து எடுத்துவந்த சுருளை ஹிஸ்கெ அடையாளம் கண்டுகொண்டாள். சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய மெல்லிய வயர்.

"இது உன் அப்பா காலிங் பெல்லுக்கு வாங்கினதுல மிச்சம்தானே?"

"மிச்சம்னா என்ன? முழுச் சுருள். தூக்கியா எறிய முடியும்?"

"ரொம்ப ஒல்லியா இருக்கே டௌவெ."

"செம்பு செம்புதான் ஹிஸ்கெ. நீ கூடத்தான் ஒல்லியா இருக்கே. வேலை பாக்கலையா?"

இன்னும் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். தெருமுனைக் கடையிலேயே தடித்த வயர் தொங்குகிறது. ஆனால் இரண்டாவது முறை கேள்வி கேட்டால் டௌவெ ஊமையாகிவிடுவார். அந்த மௌனம் அடுத்த ஞாயிறு வரை சாப்பாட்டு மேசையில் ஒரு விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கும். அதற்குச் சோறு போட அவளுக்குத் தெம்பில்லை. சரி என்று உள்ளே போய்விட்டாள்.

வயரின் ஒரு நுனியைப் பேட்டரியோடும் மறு நுனியைச் சாக்கெட்டோடும் சேர்த்த பிறகும் நடுவில் பாதிச் சுருளுக்கு மேல் மீதியிருந்தது. வேறு யாராவது என்றால் வெட்டி எறிந்திருப்பார்கள். டௌவெ வெட்டவில்லை. "வெட்டினா துண்டு. வெட்டாம வெச்சா நாளைக்கு எதுக்காவது ஆகும்," என்று மிச்சத்தை அழகாகச் சுருட்டி, ஹிஸ்கெ உட்காரும் பக்கம் கால்மிதிக்கு அடியில் தட்டையாகப் பரப்பி வைத்தார். பிறகு சின்ன டெஸ்டர் விளக்கை ஃப்ரிட்ஜுக்கான ஓட்டைகளில் வைத்துக் காட்டினார். எரிந்தது.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"கடைக்காரனாம்!"

கோடையில் புறப்படுவதற்கு முந்தைய நாளே ஃப்ரிட்ஜை வீட்டுக் கரண்டில் போட்டுக் குளிரவைத்தார்கள். பெட்டி நடுத்தட்டில். மேலே வெண்ணெய், பாலாடைக்கட்டி, பால். கட்டிலுக்கு அடியில் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு. பிரான்சில் உருளைக்கிழங்கு விளையாது என்பது அந்த ஊர் கேரவன்காரர்கள் எல்லோருக்கும் இருக்கும் சந்தேகம். ஃப்ரிட்ஜ் கதவின் குறுக்கே அகலமான டேப் ஒட்டினார் டௌவெ. போய்ச் சேரும்வரை யாரும் திறக்கக் கூடாது, திறந்தால் குளிர் கொட்டிப்போகும் என்பது ஆணை. கேரவனில் பயணம் செய்கிறவர் யாருமில்லை என்பதால் இந்த ஆணை ஹிஸ்கெக்கு மட்டுமானது.

ஆன்ட்வெர்ப் நகரைச் சுற்றிப் போகும் சாலையில் எல்லோரையும் போல நெரிசலில் நின்றார்கள். வெயில் தகரத்தைக் காய்ச்சியது. முன்னாலும் பின்னாலும் அவர்கள் நாட்டு மஞ்சள் நம்பர் பலகைகள், வெள்ளைக் கேரவன்கள். ஒரு நாடே வீட்டை இழுத்துக்கொண்டு ஓடிப்போவது மாதிரி இருந்தது. நெரிசல் தாண்டி ஓர் ஓய்விடத்தில் ஃப்ளாஸ்க்கைத் திறந்து ஆளுக்கு ஒரு கோப்பை காபி, ஒரு பிஸ்கட்.

"பெட்டியை ஒரே ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்," என்றாள் ஹிஸ்கெ.

"அதான் விளக்கு எரியுதே. வா, ஜன்னல் வழியாவே காட்டறேன்."

காட்டினார். ஃப்ரிட்ஜின் நெற்றியில் சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு குண்டூசித் தலை அளவு விளக்கு எரிவதற்கு எவ்வளவு கரண்ட் போதும் என்பதை நீர் வாரியத்தில் யாரும் கேட்டதில்லை.

லீல் நகரத்தைத் தாண்டியதும் ஹிஸ்கெக்கு அது தெரிந்தது.

முதலில் அதற்கு என்ன பெயர் என்றே அவளுக்குப் புரியவில்லை. இடது பாதத்தின் அடியில், குதிகாலுக்குச் சற்று முன்னால், ஏதோ ஒன்று இருந்தது. செருப்பைக் கழற்றினாள். பாதத்தை மிதியில் அழுத்தினாள். இருந்தது. வலது பாதத்தையும் வைத்துப் பார்த்தாள். அங்கேயும், கொஞ்சம் மங்கலாக. சூடு. மூன்று வருடமாக வாய் திறக்காத இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் பேசின.

உடனே சொல்லவில்லை. சொன்னால் டௌவெ சொற்பொழிவு தொடங்கிவிடுவாரோ என்று பயம். சொன்ன பிறகு அது போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் அதைவிடப் பெரிது. இரண்டு ஊர்ப் பலகைகள் போகும்வரை பாதத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள்.

"டௌவெ, எனக்குக் கால்ல சூடு தெரியுது."

"ஏசியை வேணா கூட்டவா?"

"சூடு தெரியுதுன்னு சொல்றேன். பாதத்துல."

அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு சாலையைப் பார்த்தார். நியாயமாக ஒரு விளக்கவுரை வந்திருக்க வேண்டும். வரவில்லை. வேகத்தைக் குறைத்து லாரிகளுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டு, வலது கையை அவள் முழங்காலில் வைத்தார். மூக்கை ஒருமுறை உறிஞ்சினார்.

"மருந்துதான்," என்றார்.

அதற்குப் பிறகு வந்த ஒரு மணி நேரம், எந்த உரையும் இல்லாமல், அவர்கள் கல்யாணத்திலேயே நல்ல ஒரு மணி நேரமாக இருந்தது. ஹிஸ்கெ வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டு வந்தாள். பாட்டுத்தான்.

சோம் நதிக்கரையில் அன்று தங்குவதற்கான முகாம். பேருக்குத்தான் பிரான்ஸ், வரிசை முழுக்க மஞ்சள் நம்பர் பலகை. புதிதாக வரும் கேரவன் எப்படித் தடுமாறுகிறது என்று பார்ப்பதற்காகவே மடக்கு நாற்காலிகளைப் பாதைப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டௌவெ ஒரே முயற்சியில் பின்னால் எடுத்து நிறுத்தினார். நாற்காலிகளுக்கு ஏமாற்றம்.

டேப்பை அவரே பிரித்தார், ரிப்பன் வெட்டுகிற மாதிரி. கதவைத் திறந்தார்.

உள்ளேயிருந்து வந்தது வெதுவெதுப்பான காற்று. வெண்ணெய் காகிதத்தைவிட்டு நழுவி, நடுத்தட்டில் சொட்டி, பெட்டியின் மூடிமேல் மஞ்சளாக வழிந்திருந்தது. ஹிஸ்கெ மூடியைத் துடைத்துவிட்டுத் திறந்தாள். பட்டன் சிவப்பாகக் கண் சிமிட்டியது. நிதானமாக, அவசரமே இல்லாமல்.

"விளக்கு எரியுதே," என்றார் டௌவெ. "எரியுது பார் ஹிஸ்கெ. எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கு."

அவள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கேரவன் படியில் உட்கார்ந்தாள். டௌவெ வெளியே போய்ச் சாக்கெட்டை வெறித்தார். வெறிக்கத் தொடங்கி இரண்டு நிமிடம் ஆகவில்லை, பக்கத்து இடத்துக்காரர் வந்துவிட்டார். ஹுபெர்ட், லிம்பர்க் மாகாணத்துக்காரர், வயிறு முன்னால், கையில் கரண்ட் பார்க்கும் மீட்டர்.

"என்ன பக்கத்து வீட்டுக்காரரே, கரண்ட் தகராறா?"

அந்த ஒரு சொல்லுக்காகவே காத்திருந்ததுபோல இன்னும் மூன்று பேர் எழுந்து வந்தார்கள். எல்லோர் கையிலும் மீட்டர். மனைவியை வீட்டில் மறந்துவிட்டு வந்தாலும் வருவார்களே தவிர, மீட்டரை மறக்க மாட்டார்கள்.

"எர்த் விட்டுப்போயிருக்கும்," என்றார் ஒருவர்.

"ஜெர்மன் கார் எல்லாமே இப்படித்தான்."

"இது ஜெர்மன் கார் இல்லைங்க."

"அதான் சொல்றேன்."

"ஃப்ரிட்ஜே பழசு. என்னைக் கேட்டா ஃப்ரிட்ஜை மாத்தணும்."

"உங்களை யாரும் கேக்கலை. நகருங்க, வெளிச்சம் மறைக்குது."

ஹுபெர்ட் சாக்கெட்டைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தார். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "யாருங்க இதுக்குப் போய் காலிங் பெல் வயரைப் போட்டது? ஃப்ரிட்ஜ் என்ன, விருந்தாளி வந்தா மணி அடிக்குமா? எந்தக் கடைக்காரன் உங்க தலையில மொளகாய் அரைச்சான்?"

டௌவெ, "தெரிஞ்ச ஆள்தான்," என்றார்.

ஹுபெர்ட் வயரைப் பிடித்துக்கொண்டே காருக்குள் ஊர்ந்து, முன் இருக்கைக்குப் போய்க் கால்மிதியைத் தூக்கினார். "வாங்க, எல்லாரும் வாங்க, இதைப் பாருங்க!" சுருள் தட்டையாக, பாம்பு படுத்திருப்பது மாதிரி கிடந்தது. மேல்தோல் இளகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. "இன்னும் சூடு ஆறலை. ரொட்டியே சுடலாம்! ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டிய கரண்ட் பூரா இங்க இறங்கி உக்காந்து குளிர் காஞ்சிருக்கு. பக்கத்து வீட்டுக்காரரே, நீங்க என்ன உத்தியோகம் பாத்தீங்க?"

"நீர் வாரியம்."

"அப்போ உங்களுக்குப் புரியுமே! ஒரு ஏரித் தண்ணியை உறிஞ்சுகுழல் வெச்சு வடிக்கப் பாத்திருக்கீங்க."

மீட்டர்காரர்கள் சிரித்தார்கள். டௌவெ சிரிக்கவில்லை. படியில் இருந்த ஹிஸ்கெயிடம் வந்து நின்றார். அவர் கூட்டத்தில் வாக்கெடுப்பில் தோற்றபோதுகூட இவ்வளவு குட்டையாகத் தெரிந்ததில்லை.

"ஹிஸ்கெ, அந்தச் சூடு... வழியில சொன்னியே. அது மருந்து இல்லை. வயர்."

அவள் எழுந்துபோய்ச் சுருள்மேல் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு காலை வைத்துப் பார்த்தாள். குதிகாலுக்குச் சற்று முன்னால், அதே இடத்தில்.

"சூடு வயரோடதுதான்," என்றாள். "தெரிஞ்சது என் காலுக்கு."

"அப்படின்னா?"

"போன கோடையில வெந்நீர் பக்கெட்ல காலை விட்டுக் கொப்புளம் வந்துச்சு, ஞாபகம் இருக்கா? அப்போ எனக்கு எதுவுமே தெரியலை. இன்னிக்கு இந்தச் சின்னச் சூடு தெரிஞ்சிருக்கு டௌவெ. மருந்து வேலை செஞ்சிருக்கு."

அவர் முகத்தில் ஒரு கணம் வெளிச்சம் வந்தது. பிறகு அவள் மடியிலிருந்து படிக்கு மாறியிருந்த பெட்டியைப் பார்த்தார். வெளிச்சம் வந்த வழியே போய்விட்டது.

ஹிஸ்கெ மெரெலுக்குப் போன் செய்தாள். ஆண்கள் தங்கள் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள், ஆனால் கலைந்து போகவில்லை.

"சிவப்பாயிடுச்சா? ஐயோ," என்றாள் மெரெல். "எவ்வளவு நேரம் சூட்டுல இருந்துச்சுன்னு தெரியுமா?"

"காலையிலேருந்து இருக்கும்."

"அப்போ போடக் கூடாதுங்க. ஒரு ஊசிகூட. மன்னிச்சுக்கங்க."

"வேற பெட்டி?"

"உங்க நம்பருக்கு ஒரு பெட்டிதாங்க. அடுத்த தொகுதி இனிமேதான் செய்யணும், அதுக்குள்ள நீங்க ரெண்டு ஊசி தாண்டிடுவீங்க. ரெண்டு தாண்டினா..." அந்த வாக்கியத்தை மெரெல் முடிக்கவில்லை. நல்ல பெண்.

"மெரெல், எனக்கு இன்னிக்குப் பாதத்துல சூடு தெரிஞ்சுது."

"என்ன சொல்றீங்க? நிஜமாவா?" குரல் துள்ளியது. "ரெண்டு பாதத்துலயுமா? டாக்டர் கேட்டா குதிப்பார்! இதுவரைக்கும் யாருக்கும் இப்படி வரலை. எந்த இடத்துல தெரிஞ்சுது, எவ்வளவு நேரம், எல்லாத்தையும் மறக்காம வெச்சுக்கங்க. ஆய்வுக்கு ரொம்ப உபயோகமான தகவல்ங்க இது."

"அப்போ ஏதாவது வழி..."

"வழி இல்லைங்க." துள்ளல் அடங்கியது. "ஊர் திரும்பினதும் ஒரு கடைசிப் பரிசோதனை இருக்கும். பெட்டியை அப்போ கொண்டுவந்தா போதும். அவசரமில்லை. விடுமுறையை நல்லாக் கழிங்க."

போனை வைத்ததும் டௌவெ தொண்டையைக் கனைத்தார். "நான் எழுதறேன். ஆய்வுக் குழுவோட தலைமைக்கே எழுதறேன். 'மேற்படி சம்பவம் பயனாளியின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட'..."

"யாரோட கட்டுப்பாட்டுக்கு டௌவெ?"

கடிதம் அங்கேயே நின்றது.

ஹுபெர்ட்டுக்கு மட்டும் விஷயத்தின் வாடை மெதுவாக அடித்திருக்க வேண்டும். மீட்டரைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, "எங்கிட்ட தடி வயர் கொஞ்சம் கிடக்கு. சாப்பிடறதுக்குள்ள மாத்திடலாம்," என்றார். நான்கு பேருமாகக் காரைச் சுற்றி மண்டியிட்டார்கள். யார் பிடிப்பது, யார் முறுக்குவது என்று அதற்கும் ஒரு தகராறு நடந்தது. டௌவெ டார்ச் பிடித்தார். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் காலை, "வீட்டுக்குத் திரும்பிடலாமா?" என்று கேட்டார்.

"வீட்டுல என்ன இருக்கு?" என்றாள் ஹிஸ்கெ. "கடலுக்குப் போ."

வழியெல்லாம் அவள் பாதத்தை மிதியில் வைத்திருந்தாள். மிதிக்கு அடியில் இப்போது ஒன்றுமில்லை. தடித்த வயர் கதவோரமாகச் சூடே இல்லாமல் ஓடியது. அங்கே ஒன்றுமில்லாததால் ஒன்றும் தெரியவில்லையா, அல்லது தெரிவதே மறுபடி நின்றுவிட்டதா என்பதைப் பிரித்துப் பார்க்க அவளுக்கு வழி இருக்கவில்லை. இன்னும் சில வாரம் தெரியக்கூடும். அதற்குப் பிறகு மெதுவாக, நுனியிலிருந்து மறுபடி அணையும்.

கடற்கரை முகாமுக்குச் சாயங்காலம் சேர்ந்தார்கள். மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் அலைச் சத்தம். டௌவெ கேரவனுக்குள் போனார். இந்த முறை கதவில் டேப் இல்லை. திறந்து குனிந்து பார்த்தார்.

"எவ்வளவு இருக்கு?" வாசலிலிருந்து ஹிஸ்கெ கேட்டாள்.

"நாலு டிகிரி."

"நல்லா வேலை செய்யுது."

அவள் குரலில் குத்தல் இல்லை. அவர் அதை எதிர்பார்த்து நின்றார். ஒரு குத்தல் வந்திருந்தால் பிடித்துக்கொண்டு நிமிர்ந்திருப்பார். மேல்தட்டில் பாலாடைக்கட்டியும் பாலும் புது வெண்ணெயும் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. கீழ்த்தட்டில் ஹுபெர்ட் கொடுத்தனுப்பிய பீர். நடுத்தட்டைத் துடைத்துக் காலியாக விட்டிருந்தார்.

"அதை எதுக்கு அப்படியே விட்டிருக்கே?"

"தெரியலை."

"வெண்ணெயை அங்க மாத்து. மேல நசுங்குது."

"ஹிஸ்கெ..."

"மாத்து டௌவெ."

மாற்றினார். பிறகு கட்டிலுக்கு அடியில் கையை விட்டு மூட்டையை இழுத்து, இரண்டு பேருக்கு எத்தனை உருளைக்கிழங்கு போடுவது என்று அவளைக் கேட்டார்.